32க்கும் 33க்கும் நடுவில் ஒரு மலை

1996 பிப்ரவரி 8 அன்று சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரத்திலிருந்து ஜான் பெர்ரி பார்லோ ஓர் அறிக்கையை வெளியிட்டார். 'இணையவெளியின் சுதந்திரப் பிரகடனம்' என்று பெயர். பார்லோ ஒரு ராக் இசைக்குழுவுக்குப் பாட்டு எழுதியவர், வயோமிங்கில் மாட்டுப்பண்ணை நடத்தியவர். உலக அரசுகளைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இங்கே உங்களுக்கு வேலையில்லை, உங்கள் எல்லைக்கோடு எங்கள் வீட்டுக்குள் வராது. அடுத்த ஆண்டு ஃபிரான்சஸ் கெய்ர்ன்கிராஸ் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'தூரத்தின் மரணம்'. எல்லை ஒழிந்தது, தூரம் செத்தது. பொறியியல் கல்லூரிகளில் எங்கள் தலைமுறைக்கு இணையம் அறிமுகமானது இந்த நம்பிக்கையோடு சேர்த்துத்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. பார்லோ பிரகடனம் எழுதிய அதே மாதத்தில் எங்கள் வட்டாரத்துப் புளியறையில், மலை ஏறுவதற்கு முன்னால், தார்ப்பாய் மூடிய லாரிகள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. இன்று அந்த வரிசையில் பெரும்பகுதி இல்லை. ஆகவே பார்லோ சொன்னது நடந்துவிட்டது என்று தோன்றலாம். நடந்தது வேறு. அதைப் புரிந்துகொள்ள சிலிக்கான் பள்ளத்தாக்கைவிடப் புளியறையின் வரலாறு எனக்கு அதிகம் உதவுகிறது.

*

புளியறையைத் தெரியாதவர்களுக்கு: தென்காசியிலிருந்து மேற்கே போனால் செங்கோட்டை, அதைத் தாண்டினால் புளியறை. தட்சிணாமூர்த்தி கோயிலுக்கு வியாழக்கிழமை கூட்டம் வரும் ஊர். ஊரைத் தாண்டியதும் சாலை 'எஸ்' எழுத்துபோல வளைந்து மலை ஏறும். மேலே கோட்டைவாசல், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டிபோகும் கணவாய்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. கணவாய் இருந்தால் சரக்கு போகும். சரக்கு போனால் யாராவது கை நீட்டி நிறுத்துவார்கள். எல்லை என்பதை வரைபடத்துக் கோடாக நாம் நினைக்கிறோம். சரக்கு ஏற்றுபவனுக்கு எல்லை என்பது நிறுத்தும் கை.

அந்தக் கை எப்போதும் புளியறையில் இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை (1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி). எல்லை செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில், சமவெளியில் இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசும் ஊர்கள். ஆனால் ராஜா அனந்தபுரியில். சவுக்கை என்று அன்று சுங்கச்சாவடிக்குப் பெயர். கிழக்கிலிருந்து வரும் சரக்குக்கு அங்கே தீர்வை கட்ட வேண்டும்.

அந்த வாசலை முதலில் திறந்துவிட்டது ஓர் ஒப்பந்தம். 1865இல், டி. மாதவராவ் திவானாக இருந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் இடையே வணிக ஒப்பந்தம் ஏற்பட்டது. பெரும்பாலான சரக்குகளுக்கு ஒருவருக்கொருவர் தீர்வை கிடையாது. 'ஒரே நாடு ஒரே சந்தை' என்று 2017இல் நாம் கேட்ட கோஷத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய முன்னோடி என்று இதைச் சொல்லலாம். ஆனால் உப்பும் புகையிலையும் போன்ற சில சரக்குகள் விலக்கு. ஏனென்றால் அரசுகளுக்குப் பணம் அதில்தான் இருந்தது. இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரப்போகும் விதி இது: வாசல் திறக்கப்படும், ஆனால் எதில் வருமானமோ அதற்குத் தனியாக ஒரு கதவு இருக்கும்.

அடுத்து வந்தவை வலைப்பின்னல்கள். 1904இல் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மலையைக் குடைந்து மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. திருவிதாங்கூருக்கென்று தனித் தபால் இருந்தது. அஞ்சல் என்று பெயர், சங்கு முத்திரை போட்ட தபால்தலை. மணி கட்டிய கோலோடு ஓடுபவர் அஞ்சலோட்டக்காரர். அதே சமஸ்தானத்துக்குள் பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையங்களும் இயங்கின. ஒரே மண்ணில் இரண்டு நெட்வொர்க், இரண்டு தபால்தலை. இந்தியத் தபால்துறையோடு அஞ்சல் இணைந்தது 1951இல். கடிதம் ராஜாங்க மாற்றத்துக்கு ஐந்து வருடம் முன்பே எல்லையைத் தாண்டிவிட்டது, சரக்கால் முடியவில்லை.

*

எல்லை என்றாலே தொல்லை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் செங்கோட்டைக்காரன் அப்படி எழுத முடியாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், சமஸ்தானத்துக் குடி. மலைக்கு அப்பால் புனலூரில் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் போலீஸுக்கு நேரடி அதிகாரமில்லாத மண்ணில் அவருடைய வீடும் வேலையும் இருந்தன. அந்தக் குழுவுக்குத் தொடர்பிருந்த இன்னொரு ஊர் புதுச்சேரி, அது பிரெஞ்சுக்காரர்களுடையது.

1908இல் பாரதி சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனதும் 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து வெளிவந்ததும் இதே தர்க்கம்தான். இன்றைய மொழியில் சொன்னால் சர்வரை வெளிநாட்டுக்கு மாற்றினார்கள். பிரிட்டிஷ் அரசால் அச்சகத்தைத் தொட முடியவில்லை. ஆனால் வாசகர்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். பத்திரிகை அவர்களுக்குப் போயாக வேண்டும். அரசு உள்ளே வரும் பிரதிகளைத் தடுத்தது. 1910இல் 'இந்தியா' நின்றுபோனது. எழுதும் இடத்தை மூட முடியாவிட்டால் போகும் வழியை மூடு என்பது இணையத்துக்கு முன்பே அரசுகள் கற்ற பாடம்.

2000இல் பிரான்சில் இதே வழக்கு வேறு உருவத்தில் வந்தது. யாஹூவின் ஏலத் தளத்தில் நாஜிச் சின்னங்கள் விற்கப்பட்டன. பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். எங்கள் சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, யார் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்று எங்களால் பிரிக்க முடியாது என்றது நிறுவனம். நீதிமன்றம் நிபுணர் குழுவைக் கேட்டது. ஐ.பி. முகவரியை வைத்தே சுமார் 70 சதவீத பிரெஞ்சுப் பயனர்களை அடையாளம் காணலாம் என்று குழு சொன்னது. அந்த நவம்பரில் பிரெஞ்சுப் பயனர்களைத் தடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பார்லோவின் பிரகடனத்துக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. இணையத்தில் எல்லையை வரையலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. யாருக்கு வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதுதான் மீதிக் கேள்வி.

*

மறுபடி புளியறை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை சமவெளியிலிருந்து மலைக்கு நகர்ந்தது. அதே 1956இல்தான் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தது. மாநிலத்துக்குள் விற்றால் ஒரு வரி, மாநிலம் தாண்டி விற்றால் வேறு வரி, அதற்கு 'சி' படிவம். ஆக ஒரு லாரி எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பது இப்போது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவர் உட்கார ஓர் அறை வேண்டும், வண்டியை நிறுத்த ஒரு கம்பு வேண்டும். சோதனைச் சாவடி என்பது இவ்வளவுதான்.

என் அம்மாவின் தம்பி தொண்ணூறுகளில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லோடு அடித்தவர். பிறகு பெரிய வண்டிக்கு மாறி கர்நாடகம், ஆந்திரம் எல்லாம் போனவர். செக்போஸ்ட் பற்றிக் கேட்டால் ஊர்பேர் எதுவும் சொல்லமாட்டார், சிரிப்பார்.

"எத்தன செக்போஸ்ட் பாத்திருப்பேன் மருமவனே. பேப்பர அப்புறம்தான் பாப்பான். மொதல்ல மூஞ்சியப் பாப்பான்."

"மூஞ்சியில என்ன மாமா இருக்கு?"

"இவன் அவசரத்துல இருக்கானா, பயப்படுதானா, புது ஆளா, பழைய ஆளா... எல்லாம் மூஞ்சியிலதான் இருக்கு. தக்காளி ஏத்திட்டுப் போறவன் மூஞ்சி தனியாத் தெரியும்ல."

தக்காளிக்காரனின் அவசரம் சாவடிக்காரருக்குப் பேரம். இதில் புதிர் ஒன்றுமில்லை. சாவடிகளைப் பற்றி நாடு முழுக்க இருந்த புகார் இது. ஆனால் மாமா அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார். ஒருமுறை பில்லில் வண்டி எண் ஓர் எண் மாறிப்போயிருந்ததாம். கிளீனர் பையனுக்குக் காய்ச்சல் வேறு. அங்கே இருந்த பெரியவர் பையனைப் பார்த்தார், எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, "போயி ஒரு ஊசி போடு" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. மூஞ்சியைப் பார்ப்பதில் இரண்டும் உண்டு. பறிப்பதும் அங்கேதான், விட்டுக்கொடுப்பதும் அங்கேதான்.

*

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. இரண்டு நாளில் 22 மாநிலங்கள் தங்கள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை மூடிவிட்டன என்று மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாடும் கேரளமும் அதில் உண்டு. பல பத்தாண்டுகள் நின்ற கம்பு ஒரே இரவில் மேலே போனது. 

சாவடி போனது, கேள்வி போகவில்லை. இந்தச் சரக்கு யாருடையது, எங்கே போகிறது, வரி கட்டியாயிற்றா? இந்தக் கேள்விக்குப் புதிய பதில் ஈ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால், வண்டி கிளம்பும் முன்பே இணையத்தில் விவரம் பதிய வேண்டும். 'அ' பகுதியில் பில், பொருள், விற்பவர், வாங்குபவர். 'ஆ' பகுதியில் வண்டி எண். பதிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். தேசியத் தகவல் மையம் கட்டிய தளம் இது. 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய முதல் நாளே சுமை தாங்காமல் தடுமாற, தள்ளிவைத்து ஏப்ரல் 1 அன்று மறுபடி தொடங்கினார்கள். சர்வர் திணறிய முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். 

இனி எல்லை எங்கே இருக்கிறது? ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். 15 எழுத்துகள், முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, கேரளம் 32. எளிமையாகச் சொன்னால், அனுப்புபவர் இருக்கும் மாநிலமும் சரக்கு சேரும் மாநிலமும் ஒன்றென்றால் வரி இரண்டாகப் பிரியும், பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. வேறு வேறு என்றால் ஒருங்கிணைந்த வரி. நிரலில் இது ஒரே வரி: இரண்டு எண்ணும் சமமா, இல்லையா. ஒரு காலத்தில் கணவாயும் சவுக்கையும் கம்பும் சேர்ந்து செய்த வேலையை ஒரு 'இஃப்' செய்துவிடுகிறது.

தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோவின் அலுவலகம் இருக்கிறது, 2011இலிருந்து நடக்கிறது. அந்த நிறுவனத்தின் கணக்கு மென்பொருளிலிருந்தே ஈ-வே பில் எடுக்கலாம். மத்தளம்பாறையில் எழுதப்படும் நிரல் எந்தச் சாவடியிலும் நிற்காமல் டெக்சஸுக்குப் போகும். பாவூர்சத்திரத்து வியாபாரியின் சரக்கு 33இலிருந்து 32க்குப் போக 12 இலக்கம் வேண்டும். எல்லை ஒழிந்தது யாருக்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டையும் காட்டுவேன்.

எல்லை இப்போது புளியறையில் மட்டும் இல்லை. பறக்கும் படை கயத்தாறிலும் நிறுத்தலாம், கொட்டாரக்கரையிலும் நிறுத்தலாம். பில்லுக்கு ஆயுளும் உண்டு: முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள், 2021இலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி எண், ஃபாஸ்டேக், பில் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். முன்பு எல்லை ஓர் இடம். அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் டீ குடிக்கலாம். இப்போது எல்லை வண்டியோடு கூடவே வருகிறது.

*

இதில் நன்மை இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. தக்காளி அழுகாமல் போவது சின்ன விஷயமில்லை. காய்கறி போன்றவற்றுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை. மாமாவிடம் கேட்டால் பழைய காலத்துக்குப் போக ஒரு நாளும் சம்மதிக்கமாட்டார். எனக்கும் பழைய சாவடி மீது ஏக்கம் எதுவுமில்லை.

ஆனால் அந்த மாறிப்போன வண்டி எண்ணை யோசித்துப் பார்க்கிறேன். டேட்டாபேஸுக்கு 7க்கும் 1க்கும் நடுவே கருணை கிடையாது. பொருந்தினால் பொருந்தும், இல்லாவிட்டால் சரக்கு பறிமுதல் அளவுக்குப் போகலாம். புதிய முறை வந்த சில மாதங்களில் நாடு முழுக்க இதே சிக்கல்: பெயரில் எழுத்துப்பிழை, பின்கோடு தவறு, வண்டி எண்ணில் ஓர் இலக்கம். லாரிகள் நின்றன, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. 2018 செப்டம்பர் 14 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. இப்படிப்பட்ட சிறு பிழைகளுக்கு முழுத் தண்டனை வேண்டாம்; மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 அபராதம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள் என்றது. வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறியிருப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எனக்கு இந்தச் சுற்றறிக்கை ஒரு வரலாற்று ஆவணம். மாமாவின் பெரியவர் பேனாவால் ஒரு நொடியில் செய்ததை, நாடு தழுவிய ஓர் அமைப்பு யோசித்து எழுதி எண்ணிட்டு வெளியிட வேண்டியிருந்தது. அதிலும் ஒரு நல்லது: பெரியவரின் மனநிலையைப் பொறுத்தது இல்லை, எல்லாருக்கும் பொது. நிரலே சட்டம் என்று லாரன்ஸ் லெஸ்ஸிக் 1999இல் எழுதினார். சட்டத்துக்கு வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு. நிரலுக்கும் அவை வேண்டும் என்று யாரோ சண்டை போட்டால்தான் வரும்.

*

சரக்குக்கு நடந்தது மனிதருக்கும் நடந்தது. 2020இல் ஊரடங்கு வந்தபோது புளியறையில் கம்பு மறுபடி இறங்கியது. மே மாதத்திலிருந்து கேரளம் ஆறு எல்லை வாசல்கள் வழியாக மட்டும் ஆட்களை உள்ளே விட்டது. அவற்றில் ஆரியங்காவும் ஒன்று. 'ஜாக்ரதா' தளத்தில் பதிந்து பாஸ் வாங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஈ-பாஸ். 1865க்குப் பிறகு, 1956க்குப் பிறகுகூட, நடந்து போகும் சாதாரண மனிதரை இந்தக் கணவாயில் இப்படி நிறுத்திய காலம் இருந்ததாகத் தெரியவில்லை.

மலைக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. கழுதுருட்டியில் மகளைக் கட்டிக்கொடுத்த அம்மா புளியறையில் இருப்பார். பஸ்ஸில் சிறிது நேரப் பயணம். தமிழ்நாட்டில் ஈ-பாஸ் ஆரம்பத்தில் மூன்று காரணங்களுக்கு: மருத்துவம், கல்யாணம், சாவு. மகளைப் பார்க்கணும் என்பது பட்டியலில் இல்லை. போலீஸ்காரரிடம் "அய்யா, பிள்ளைய ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்" என்று கெஞ்சலாம். அவர் விடலாம், விடாமலும் போகலாம். டிராப்டவுனிடம் கெஞ்ச முடியாது. நோய் பரவிய காலத்தில் கட்டுப்பாடு வேண்டியிருந்தது, சரி. ஆனால் ஓர் அம்மா மகளைப் பார்ப்பது எந்த வகையில் வரும் என்பதை எங்கோ ஓர் அறையில் படிவம் வரைந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டையும் போன் எண்ணும் கொடுத்து விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் உடனே பாஸ் என்று தமிழ்நாட்டு விதி மாறியது. கம்பைத் தூக்க ஆள் போகவில்லை. நிரலில் ஒரு நிபந்தனை எடுக்கப்பட்டது.

அதே கோடையில், ஜூன் 29 அன்று, மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயலில் நின்று ஆடியவர்கள், சமையல்கட்டில் வசனம் பேசியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் மேடையை இழந்தார்கள். 'இந்தியா' பத்திரிகையை நிறுத்தப் பிரிட்டிஷ் அரசு தபால் பைகளைத் தேடிப்பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

*

இத்தனைக்குப் பிறகும் புளியறையில் சாவடி முழுக்கக் காலியாகவில்லை. போலீஸ் உண்டு, வனத்துறை உண்டு. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால் கால்நடைத் துறையினர் நின்று கோழி லாரிகளின் டயருக்கு மருந்து அடிப்பார்கள். வைரஸுக்கு வண்டி எண் கிடையாது. டயரைத்தான் கழுவ வேண்டும்.

இன்னொன்று குப்பை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் கொட்டிக்கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தவை கழிவுக்குள் கிடந்த மருத்துவமனைக் காகிதங்கள். ஈ-வே பில் தேடுவது மதிப்புள்ள பொருளை. குப்பைக்கு மதிப்பில்லை, அதனால் பில் இல்லை, அதனால் வலைப்பின்னலின் கண்ணில் அது இல்லவே இல்லை. வருமானம் எதிலோ கதவு அதற்கு என்ற 1865இன் விதி அப்படியே இருக்கிறது. வருமானம் இல்லாத விஷத்துக்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

ஆக இணையம் எல்லையை அழித்தது என்பதும் தவறு, எல்லையை எல்லா இடத்திலும் நட்டுவிட்டது என்று மட்டும் சொல்வதும் போதாது. எல்லையை இடத்திலிருந்தும் முகத்திலிருந்தும் அது பிரித்துவிட்டது. இடத்திலிருந்து பிரிந்ததால் லாரி நிற்பதில்லை. முகத்திலிருந்து பிரிந்ததால் லஞ்சம் குறைந்தது. அதே காரணத்தால்தான் மறுபக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது. வாஞ்சிநாதனுக்குப் புனலூர் இருந்தது, பாரதிக்குப் புதுச்சேரி இருந்தது. இன்று ஒரு பட்டியலில் பெயர் தவறாக விழுந்த மனிதருக்குத் தாண்டிப் போக எந்த மலையும் இல்லை. பட்டியல் அவர் போனிலேயே இருக்கிறது.

சவுக்கைக் காலத்தில் வாசலைக் காத்தவர் தீர்வைக்காரர். அவருக்கு ஊரில் வீடு இருந்தது. அநியாயம் செய்தால் தெருவில் நடக்கும்போது நாலு பேர் பேசுவார்கள். இன்றைய வாசல்களை எழுதுபவர்கள் நாங்கள், பொறியியல் படித்துவிட்டு எங்கோ ஒரு நகரத்தில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருப்பவர்கள். மருத்துவம், கல்யாணம், சாவு என்று மூன்று வரி கொடுத்தால் மூன்று வரிக்குப் படிவம் எழுதிவிடுவோம். நான்காவதாக 'மற்றவை' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வரியை அழுத்தினால் மறுமுனையில் அதைப் படிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று கூட்டத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் மென்பொருளில் பதில் கிடையாது. அதை அரசிடமும் நிறுவனத்திடமும் கேட்க வேண்டியது நாமெல்லாரும்தான்.